வடியும் நீரில் ஒரு பாடம்

36 ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு, ஓய்வு பெற்றபின் மாணவனாக அமர்வது எளிதன்று. எனக்கு அது வாய்த்த இடம் ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஓடும் டேலி ஆறு. ஆசிரியனாய் நின்றவன் என் மகன்.

2018 ஏப்ரலில் அவனைக் காண டார்வின் சென்றிருந்தேன். அங்கே ஆண்டை மழைக்காலம், வறள்காலம் என இரண்டாகப் பிரித்துப் பேசுகின்றனர். மழைக்காலத்தில் ஆறு கரைபுரண்டு, இருபுறத் தாழ்நிலங்களும் ஏரிகளாகிவிடும். மழை ஓயும்போது அந்நீர் ஓடைகள் வழியே ஆற்றுக்குத் திரும்பும். தூண்டில்காரர்கள் ஆண்டெல்லாம் காத்திருப்பது இந்த வடிகாலத்துக்காகத்தான்.

புறப்படும் முன் மகன் தன் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே வண்ணம் தீட்டிய பொய் மீன்கள். ஒவ்வொன்றின் வாயிலும் உதடு போன்றதொரு தகடு. இழுத்தால் நீருக்குள் முங்கி நெளியும். கடற்கரை ஊரில் பிறந்த எனக்கு அது பிடிக்கவில்லை. "உன் பாட்டனார் பசிக்கு வலை வீசினார், நீ விளையாட்டுக்குப் பொய்யை வீசுகிறாய்" என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை.

ஆற்றில் நான் சுட்டிக்காட்டிய இடங்களையெல்லாம் கடந்து, ஒரு சிற்றோடையின் வாயருகே படகை நிறுத்தினான். ஆறு செம்மண் கலங்கலாய் ஓடிற்று. புல்வெளியில் நாட்கணக்கில் தங்கி வண்டல் படிந்து தெளிந்த ஓடைநீரோ, பால் கலவாத தேநீர் நிறத்தில் வந்து கலந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை.

"வெள்ளம் ஏறும்போது சிறுமீன்கள் புல்வெளியெங்கும் சிதறிவிடும் வாப்பா. வடியும்போது அவற்றுக்கு இந்த வாசல் ஒன்றுதான். பெரிய மீன் இங்கே காத்திருக்கும்" என்றான்.

அவன் பாரமண்டி என்றழைத்த அம்மீன், நம் கரையோரத்தில் கொடுவா என வழங்குவதுதான். சிறுவயது முதல் அதை உண்டவன் நான். ஆயினும் அது ஆற்றுமுகத்து உவர்நீரில் பிறந்து, ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பலமுறை வீசியும் பயனில்லை. "விரைந்து சுற்றாதீர்கள், நிறுத்தி நிறுத்தி இழுங்கள். அடிபட்ட மீன்போல் தோன்ற வேண்டும்" என்றான். மனமின்றிக் கேட்டேன். அடுத்த வீச்சிலேயே கோல் வளைந்தது. வெள்ளிப்பாளம்போல் ஒரு மீன் நீரைப் பிளந்து எழுந்து தலையை உதறிற்று. படகருகே கொணர்ந்து, கைவலையில் கிடத்தி அளந்தோம்: 98 சென்டிமீட்டர்.

55 சென்டிமீட்டருக்குக் குறையாத மீனை எடுத்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் தருகிறது. என் உள்ளமோ ஊருக்கு அனுப்ப வேண்டிய நிழற்படத்தை எண்ணிக்கொண்டிருந்தது. "உங்கள் மீன் வாப்பா, முடிவும் உங்களுடையதே. ஆனால் இந்த அளவில் இது தாய்மீனாகத்தான் இருக்கும்" என்றான்.

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "விட்டுவிடுவோம்" என்றேன். என் கையாலேயே விட விரும்பி, குனிந்து முழங்கை வரை நீரில் இட்டேன்.

"வாப்பா! கையை எடுங்கள்!"

பிறந்தது முதல் என்னிடம் குரல் உயர்த்தாதவன். எனக்குச் சினம் பொங்கிற்று. அது நாவுக்கு வருமுன் அவன் காட்டிய திசையை நோக்கினேன். கலங்கல் நீரின் மேல் இரு கண்கள். அவற்றுக்கு முன்னே இரு நாசித்துளைகள். உவர்நீர் முதலை. படகுத்துறையில் நின்ற எச்சரிக்கைப் பலகையை அன்று காலையில்தான் படித்திருந்தேன். படித்திருந்தேனே தவிர, கற்கவில்லை.

மகன் படகின் மறுபுறம் சென்று, நீண்ட காம்புடைய வலையை நீரில் தாழ்த்தினான். மீன் வாலை அசைத்தது, மறைந்தது.

பின்னர் கிடைத்த சிறியதொன்றை வீட்டுக்குக் கொணர்ந்தோம். மருமகள் ஆக்கிய புளிக்குழம்பில் எங்கள் ஊர் மணந்தது. விளையாட்டுக்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டலாமா என்னும் வினா எனக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் வேறொன்று அன்று விளங்கிற்று: பல்லாண்டுகளாக மகனிடம் நான் சொல்லியே வந்திருக்கிறேன், எதையும் கேட்டதில்லை.

அன்றிரவு கேட்டேன்: "இதையெல்லாம் யாரிடம் கற்றாய்?"

"முதல் இரண்டாண்டுகள் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை வாப்பா. அப்போது வேலையும் நிலையாக இல்லை. உங்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது."

அன்று நாங்கள் உறங்க நெடுநேரமாயிற்று.