ஒரு கல்யாணமும் ஒரு பொய்யும்

போன நவம்பர் கடைசியில் ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். எங்கள் கிளையில் கேஷ் கவுண்டரில் இருக்கும் தாதாவின் பெண்ணுக்குக் கல்யாணம். தாதா என்றதும் அரிவாளை நினைக்காதீர்கள்! வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். இவர் கிழிந்த நோட்டு கொண்டு வருகிறவரிடம்கூடக் கோபப்படத் தெரியாத மனுஷன்.

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த இந்த ஐந்து வருஷத்தில் 'பியேபாடி' என்று சொல்லும் வாடகை மண்டபங்களில் நிறையக் கல்யாணம் பார்த்தாயிற்று. வயலில் நடக்கும் கல்யாணம் இதுதான் முதல் தடவை. ஹவுராவில் தாரகேஷ்வர் லோக்கல் பிடித்து, ஹூக்ளி மாவட்டத்தில் ஹரிபால் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து டோட்டோ. டோட்டோ என்றால் பேட்டரி ரிக்‌ஷா. லேசாகத்தான் குளிர் ஆரம்பித்திருந்தது, அதற்குள் டிரைவர் தலையில் மங்க்கி கேப்!

இவர்களுக்குக் 'கார்த்திக்' மாதத்தில் கல்யாணம் கிடையாது. அது நம் ஐப்பசி. நமக்குக் கார்த்திகை பிறக்கும்போது இவர்களுக்கு அக்ரஹாயண் பிறக்கும். ஆமன் நெல் அறுப்பும், புது அரிசியில் பாலும் வெல்லமும் கலந்து காக்காய்க்கும் ஒரு பங்கு வைக்கிற நபான்னமும், கல்யாண முகூர்த்தங்களும் எல்லாமே அந்த மாதத்தில்தான்.

அறுத்த தாள் காலில் குத்தும் வயலில் மூங்கில் பந்தல். ஓரத்தில் வைக்கோல் படப்பு. ஹூக்ளி உருளைக்கிழங்குக்குப் பேர் போன மாவட்டம். நெல் அறுத்த சூட்டோடு கிழங்கு ஊன்றிவிடுவார்கள். பக்கத்து வயல்களில் எல்லாம் பார் பிடித்து முடிந்திருந்தது. தாதா மட்டும் பந்தலுக்காக ஒரு பிகாவைச் சும்மா விட்டிருந்தார். இங்கே மூன்று பிகா ஒரு ஏக்கர்.

"தள்ளிப் போட்டா விளைச்சல் குறையுமே தாதா?" என்றேன். விவசாயக் கடன் ஃபைல் பார்த்துப் பார்த்து வந்த ஞானம்.

"குறையட்டும் சார். என் தங்கச்சி கல்யாணமும் இந்த வயல்லதான் நடந்துச்சு."

எனக்கு அக்கா கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. 1991, மாசி மாதம். ஏரலுக்குப் பக்கத்தில் எங்கள் வயல். பிசான அறுப்பு முடிந்த கையோடு அங்கேயே ஓலைப் பந்தல் போட்டார் அப்பா. வாழை மரம் எங்கள் தோட்டத்தது, அரிசி எங்கள் வயலது. எனக்கு அப்போது பதினொரு வயது. பந்தக்காலைச் சுற்றி ஓடி, தாள் குத்தி ரத்தம் வந்ததுகூட நினைவிருக்கிறது.

முகூர்த்தம் ராத்திரி. பெண்ணை மணையில் உட்கார வைத்து, மாமன்மாரும் அண்ணன்மாரும் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையை ஏழு சுற்று வந்தார்கள். பெண் வெற்றிலையால் முகத்தை மூடியிருக்கிறாள். மாப்பிள்ளை தலையில் நெட்டியில் செய்த கிரீடம். பெண்கள் போட்ட சத்தம் அசல் நம் ஊர்க் குலவை. தங்கமணி என்னை இடித்து, "கேட்டீங்களா?" என்றாள்.

சாப்பிடும்போது தாதாவின் மனைவி பெண்ணின் கையில் கிடந்த சங்கு வளையல் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார். அது இல்லாமல் இங்கே கல்யாணமே இல்லை. நான் சும்மா இருப்பேனா? "பௌதி, அந்தச் சங்கு எங்க கடல் சங்கு" என்றேன். தூத்துக்குடிப் பக்கம் மன்னார் வளைகுடாவில் ஆட்கள் முங்கி எடுத்த சங்கு, தலைமுறை தலைமுறையாக வங்காளத்துக்குத்தான் கப்பலேறியது. மெட்ராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இதைப் பற்றி 1914-லேயே தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இதெல்லாம் சொல்லச் சொல்ல அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்போ நீங்க பொண்ணு வீட்டுக்காரர்!" என்றார் தாதா. "உங்க மக கல்யாணத்துக்கு நாங்க உங்க ஊருக்கு வரோம். வயல்லதானே வைப்பீங்க? எவ்வளவு பிகா இருக்கு?"

"நாலரை பிகா இருக்கு" என்றேன்.

தங்கமணி என்னைப் பார்த்தாள். எட்டாவது படிக்கும் மகளும் பார்த்தாள்.

அப்பா போன மறு வருஷம், 2012-ல், அந்த ஒன்றரை ஏக்கரை விற்றாயிற்று. விற்கச் சொன்னது நான்தான். குத்தகைப் பணத்தையும் ஃபிக்சட் டெபாசிட் வட்டியையும் பேப்பரில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். பி.காம் மூளை. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அம்மா பேப்பரைப் பார்க்கவே இல்லை. "நீ சொன்னா சரிய்யா" என்று கையெழுத்துப் போட்டாள். என் பங்குப் பணம் சென்னை ஃப்ளாட்டுக்குப் போனது. அதில் இப்போது வாடகைக்கு யாரோ இருக்கிறார்கள்.

ராத்திரி அங்கேயே தங்கினோம். மறுநாள் பெண் புறப்படும்போது ஒரு பிடி அரிசியைப் பின்பக்கமாக அம்மாவின் முந்தானையில் எறிந்தாள். பெற்றவர்கள் கடனைத் தீர்த்துவிட்டேன் என்று சொல்லி எறிவது வழக்கமாம். எத்தனையோ பேருக்குக் கடன் கணக்கை முடித்து 'நோ ட்யூ' சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் வாயைத் திறந்து அதைச் சொல்ல முடியாமல் நின்றதைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

கிளம்பும்போது தாதா ஐந்து கிலோ புது அரிசி கட்டிக் கொடுத்தார். ரயிலில் மகள் கேட்டாள்.

"நமக்கு வயல் இருக்காப்பா?"

"இருந்துச்சும்மா."

"அப்போ ஏன் இருக்குன்னு சொன்னீங்க?"

ஹவுரா வரும்வரை பதில் தோன்றவில்லை. தாதாவிடமும் இன்னும் சொல்லவில்லை. தினமும் கேஷ் கவுண்டரைத் தாண்டித்தான் என் சீட்டுக்குப் போகிறேன். கிழங்கு நன்றாக முளைத்துவிட்டது என்று ஒருநாள் சொன்னார். அந்த ஒரு பிகாவில் மட்டும் கொஞ்சம் தாமதமாம்.