எண்பத்தையாயிரம் ரூபாய்க்கு ஒரு எம்டி 90

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப் போகிறோம் என்று சொன்னால், யாழ்ப்பாணத்தில் முக்கால்வாசிப் பேர் "எவ்வளவு?" என்று கேட்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் "புக் இருக்கோ?" என்று கேட்பார்கள். நாங்கள் 85,000 ரூபாய்க்கு ஒரு ஹொண்டா எம்டி 90 வாங்கி, எட்டு மாதம் கழற்றிப் பூட்டி, ஓட வைத்திருக்கிறோம். இந்த வேலையில் பாதி அந்த இரண்டாவது கேள்விக்குள்தான் கிடக்கிறது என்று இப்போது அடித்துச் சொல்லலாம்.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வேலை படித்தவர், ஒருவர் வங்கியில் வேலை, ஒருவர் இன்னும் கம்பஸ். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பாவித்த பைக்கின் விலையே எங்களுக்கு எட்டாமல் போய்விட்டது. 2022இல் பெற்றோல் வரிசை வந்தது. கியூஆர் முறை தொடங்கிய நேரம் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். அந்த நாட்களில் எங்கடை ஒழுங்கையால் ஒரு ஐயா தன்ரை எம்டியில் ஒரு கவலையுமில்லாமல் போய் வருவார். முந்திக் கராச் வைத்திருந்தவர். "உதுக்கு நாலு லீற்றர் காணும் தம்பி, மிச்சமும் வரும்" என்பார். ஆசை அங்கேதான் தொடங்கியது.

எம்டி 90 யப்பானில் தபாற்காரர் ஓடிய வண்டி. ஹொண்டா 1958இல் விற்கத் தொடங்கிய சுப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. 89 சிசி, மூன்று கியர். கிளச் லீவர் இல்லை, காலால் கியரைத் தட்டினால் போதும். கடிதம் கொடுக்க வீட்டுக்கு வீடு நின்று நின்று ஓட வேண்டும், முன்னுக்கும் பின்னுக்கும் சுமை ஏற்ற வேண்டும் என்று யோசித்துச் செய்த சாமான். அது எங்கடை ஒழுங்கைகளுக்கும் தோட்டப் பாதைகளுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்திவிட்டது. வெங்காய மூட்டையும் ஏற்றலாம், குடும்பத்தையும் ஏற்றலாம். அதனால் பழைய வண்டியில் கை பழக வேண்டுமென்றால் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. எஞ்சின் சின்னது, ஒழிப்பு மறைப்பு இல்லாதது, திருத்தத் தெரிந்த ஆட்களும் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

முதலில் பார்த்தது ஒரு தரகர் காட்டிய வண்டி. விலை 70,000. புதுப் பெயின்ற், மினுங்குகிற சைலன்சர், இரண்டாவது உதையில் ஸ்ராட் வந்தது. புக் இல்லை. "95 இடப்பெயர்வில தவறிப் போச்சு, அந்த நாளையில எல்லாற்றையும் இப்பிடித்தானே" என்றார் தரகர். சேசிஸ் நம்பர் அடித்திருக்க வேண்டிய இடத்தை ரோச் அடித்துப் பார்த்தோம். தகடு அராவப்பட்டு, அதற்கு மேல் கட்டியாகப் பெயின்ற் கிடந்தது. தொலைந்த புத்தகத்துக்கு ஒரு கதை இருக்கலாம். அராவின நம்பருக்கு என்ன கதை?

திரும்பி வரும்போது எங்களுக்குள் சண்டை. "ஓடத்தானே போறம், ஆர் கேக்கப் போகினம்" என்றார் ஒருவர். புத்தகம் இல்லாமல் வருமான உத்தரவுப்பத்திரம் இல்லை, காப்புறுதி இல்லை, ஒரு விபத்து நடந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. இது சட்டக் கணக்கு. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1995இல் வலிகாமமே ஒரே இரவில் வெளிக்கிட்டது. 2009இல் வன்னியில் சனம் உயிரை மட்டும் கொண்டு வெளியே வந்தது. வழி நெடுகக் கைவிட்ட சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் குவியல் குவியலாகக் கிடந்த படங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்கடை ஊரில் சொந்தக்காரர் தெரியாத ஒரு வண்டி, வெறும் மலிவான வண்டி இல்லை. அது ஆரோ ஒரு வீட்டின் இழப்பாகவும் இருக்கலாம். அதை எங்கடை பொழுதுபோக்காக்க மனம் வரவில்லை. வேண்டாம் என்று விட்டோம்.

இரண்டாவது வண்டி வலிகாமத்தில் ஒரு வீட்டு மாட்டுக் கொட்டிலில் நின்றது. நீல நிறம், இரண்டு ரயரும் காற்றில்லை, சீற்றுக்குள் எலிக்கூடு. கிக்கரைக் கையால் மெல்ல அமத்தினால் கொஞ்சமும் எதிர்ப்பில்லை, கொம்பிரஷன் போய்விட்டது. ஆனால் அந்த வீட்டு அம்மா உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டு வந்தார். காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், அவற்றோடு எம்டியின் புத்தகம்.

"95இல தென்மராட்சிக்குப் போகேக்க இவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர், அதில மூட்டை. நான் இந்தப் பையை நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டு நடந்தனான்" என்றார். கணவர் சங்கக்கடையில் வேலை செய்தவர். அவர் காலமான பிறகு அலைந்து திரிந்து புத்தகத்தைத் தன் பெயருக்கு மாற்றி வைத்திருக்கிறார். நாங்கள் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து சேசிஸ் நம்பரை எடுத்தோம். எஞ்சின் நம்பரையும் எடுத்தோம். இரண்டும் புத்தகத்தோடு ஒத்து வந்தன. விலை பேசுகிறபோது அவர் எங்களில் இளையவரைப் பார்த்து, "தங்கச்சியும் கராச் வேலையோ?" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "பெயின்ற் அடிச்சு கொழும்புக்கு விக்கவோ வாங்கிறியள்?" "இல்லையம்மா, ஓடத்தான்" என்றோம். அந்த வாக்கு பிறகு எங்களுக்குப் பாரமாக வந்து நின்றது.

வேலை தொடங்கியபோது எஞ்சினுக்குள் ஒரு காலமே கிடந்தது. பிஸ்டன் தலையில் கட்டி கட்டியாகக் கரி. ஐயாவுக்குக் காட்டினோம். ஒருக்காப் பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெய்" என்றார். 1990இல் வடக்குக்குப் பெற்றோல் தடை. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் வராது. கொஞ்சப் பெற்றோல் விட்டு உதைத்து, சூடு ஏறின பிறகுதான் மண்ணெண்ணெயைப் பிடிக்கும். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், சிலிண்டர் தேயும், பிளக் கறுக்கும். புத்தகத்தில் படித்த பொருளாதாரத் தடையை நாங்கள் முதல் தரம் கையால் சுரண்டி எடுத்தோம்.

சிலிண்டரை லேத்தில் கொடுத்துப் போர் பண்ணி, பிஸ்டனும் ரிங்கும் புதிது போட்டோம். தாங்கிக்குள் வினாகிரி ஊற்றி, பழைய நட்டுகள் போட்டுக் குலுக்கிக் கறள் எடுத்தோம். வால்வ் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.05 மில்லிமீற்றர், பொயின்ற் இடைவெளி 0.3க்கும் 0.4க்கும் இடையில். பீலர் கேஜ் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் எஞ்சின் பேசியது. ஆனால் நிற்கிற வேகத்தில் நிலைக்கவில்லை. ஒருக்கா ஏறும், ஒருக்கா இறங்கும், பிறகு நின்றுவிடும். காபரேற்றரைக் கழுவினோம், ஜெற்றை ஊதினோம், பிளக் மாற்றினோம். அசையவில்லை.

ஐயா வந்து, காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயில் ஒட்டியிருந்த ஒரு சின்னச் செப்புக் குழாயைப் பெருவிரலால் அமத்தினார். எஞ்சின் உடனே அடங்கி, சீராக ஓடியது. தடைக் காலத்தில் சின்னப் போத்தலால் பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணுவதற்காக ஆரோ கையால் ஒட்டின குழாய் அது. அதன் ரப்பர் மூடி காய்ந்து வெடித்து, அதற்குள்ளால் காற்று இழுபட்டுக்கொண்டிருந்தது. புது மூடி ஒன்று போட்டோம். செலவு 20 ரூபாய்.

அடுத்த சண்டை அந்தக் குழாயில் பிடித்தது. கொழும்பில் பழைய வண்டி சேர்க்கிற ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, யப்பான் தபால் வண்டி மாதிரிச் சிவப்படித்து, "ஒறிஜினல்" ஆக்கித் தந்தால் 225,000 தருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் செலவு அப்போது போரும் பிஸ்டனும் 18,500, ரயர் ரியூப் 16,000, பிரேக் ஷூ, கேபிள், செயின் 14,500, கொயில், வயறிங், பற்றறி 13,000, பேப்பர் அலுவல் 7,000. வாங்கின விலையோடு 154,000. லாபம் கண்ணுக்கு முன்னால் நின்றது. வங்கியில் வேலை செய்கிறவர் விற்கலாம் என்றார், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருடைய சம்பளத்தில்தான் பாதிச் சாமான் வாங்கினது.

ஆனால் எது ஒறிஜினல்? பெட்டியிலிருந்து வந்த சிவப்பா, சங்கக்கடைக்காரர் அடித்த நீலமா? தபாற்காரர் ஓடியதும் உண்மை, மண்ணெண்ணெயில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதும் உண்மை. முதலாவதைக் காட்ட இரண்டாவதை அரவித்தள்ள வேண்டும் என்றால், அது நம்பரை அராவின தரகரின் வேலையிலிருந்து எவ்வளவு தூரம்? இரண்டு இரவு கதைத்து ஒரு விதி வைத்தோம். நிற்பதற்கும் ஓடுவதற்கும் வேண்டியதெல்லாம் புதிது: பிரேக், ரயர், கேபிள், லைற். மற்றதெல்லாம் கழுவி அப்படியே. விற்கவில்லை. வங்கிக்காரருக்கு மற்ற இருவரும் மாதம் மாதம் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நீங்களும் ஒரு பழைய வண்டி வாங்க யோசித்தால் ரோச், பேப்பர், பென்சில் மூன்றும் கொண்டு போங்கள். புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு எஞ்சினைப் பாருங்கள். வாங்கின விலையைப்போல இன்னொரு பங்கு கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம். இதை ஆர் ஓடினது, எங்கே ஓடினது என்றும் ஒருக்காக் கேளுங்கள். அந்தப் பதில் திருத்துகிற நேரம் கட்டாயம் உதவும்.

புகைப் பரிசோதனையில் எம்டி முதல் தரமே பாஸ். பெயர் மாற்றின புத்தகம் போன மாதம் கைக்கு வந்தது. எங்களில் இளையவரின் பெயரில் எடுத்திருக்கிறோம். முன்னைய உரிமையாளர் என்ற இடத்தில் அந்த அம்மாவின் பெயர் இருக்கிறது. அதைப் பொலித்தீன் பையில் போட்டுத்தான் வைத்திருக்கிறோம்.