366-வது நாள்

2008 டிசம்பர் 31 அன்று, மைக்ரோசாஃப்ட் விற்ற ‘ஸூன்’ என்ற பாட்டு கேட்கும் கருவியில் 30 ஜிபி மாடல் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் அது உறைந்துபோனது. வைரஸ் இல்லை, சதி இல்லை. 2008 லீப் வருஷம். அன்று அதன் 366-வது நாள். அவ்வளவுதான்.

கருவிக்குள் தேதி கணக்கிடும் ஒரு சின்ன ப்ரோக்ராம். மொத்த நாட்களிலிருந்து வருஷா வருஷமாகக் கழித்துக்கொண்டே வரும். மிச்சம் 365-க்கு மேல் இருக்கும்வரை நிறுத்தாதே என்று ஒரு கட்டளை. லீப் வருஷமென்றால் 366-க்கு மேல் இருந்தால்தான் கழி என்று இன்னொன்று. மிச்சம் சரியாக 366 என்றால்? நிறுத்தவும் முடியாது, கழிக்கவும் முடியாது. செக்குமாடு போல் சுற்றிக்கொண்டே இருந்தது. கம்பெனி சொன்ன வைத்தியம்: பேட்டரி தீரட்டும், நாளை மதியத்துக்கு மேல் சார்ஜ் செய்யுங்கள். புது வருஷம் பிறந்ததும் தானாகச் சரியானது.

“டெஸ்ட் எழுத நேரமே இல்ல சார், டெட்லைன்” என்று இளம் ப்ரோக்ராமர்கள் அலுத்துக்கொள்ளும்போது இந்தக் கதையைச் சொல்வேன். அவர்கள் சோதிக்காமல் இல்லை. ஓட்டிப் பார்க்கிறார்கள், சரியான விடை வந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அந்தச் சோதனை அவர்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஆள் வேலை மாறினால் அதுவும் கூடவே போய்விடும். தானியங்கி டெஸ்ட் என்பது அந்தத் தலையாட்டலை எழுதி வைப்பது, அவ்வளவுதான்.

எப்படி ஆரம்பிப்பது? வருஷத்தைக் கொடுத்தால் லீப் வருஷமா என்று சொல்லும் ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 2024? ஆம். 2023? இல்லை. 1900? இல்லை. 2000? ஆம். (நூறால் வகுபட்டால் லீப் இல்லை; நானூறால் வகுபட்டால் உண்டு.) இந்த நாலு கேள்வி பதிலையும் இன்னொரு குட்டி ப்ரோக்ராமாக எழுதினால் அதுதான் டெஸ்ட். அதை ஓட்டிக் காட்ட பைத்தானில் பைடெஸ்ட், ஜாவாவில் ஜேயூனிட். கண் இமைப்பதற்குள் பச்சையோ சிவப்போ காட்டிவிடும். ஜேயூனிட்டை 1997-ல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஸூரிக்கிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் எழுத ஆரம்பித்தார்கள். விமானத்தில் உட்கார்ந்து தொடங்கக்கூடிய அளவுக்கு எளிய யோசனை.

ஒரு சூட்சுமம் உண்டு. ஃபங்ஷன் தானே கடிகாரத்தைப் பார்த்துத் தேதி எடுத்தால், 366-வது நாளைச் சோதிக்க அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். தேதியை வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதினால் இன்றைக்கே சோதிக்கலாம். டெஸ்ட் எழுதப் பழகினால் ப்ரோக்ராமே ஒழுங்காக வரும் என்பது இதனால்தான்.

லட்சம் வரி பழைய ப்ரோக்ராமை உங்கள் தலையில் கட்டியிருந்தால்? மொத்தத்துக்கும் டெஸ்ட் எழுதக் கிளம்பாதீர்கள். ஒரே வாரத்தில் வெறுத்துவிடும். அடுத்த பிழை வரட்டும். திருத்துவதற்கு முன் அதைப் பிடித்துக் காட்டும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். சிவப்பு வரும். பிறகு திருத்துங்கள். பச்சை. அதே பிழை மறுபடி சத்தமில்லாமல் உள்ளே நுழைய முடியாது.

டெஸ்ட் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. சோதனை பிழை இருப்பதைக் காட்டும், இல்லையென்று நிரூபிக்காது என்று டைக்ஸ்ட்ரா 1972-லேயே டூரிங் விருது உரையில் சொல்லிவிட்டார். சரி, பின் எதற்கு? பயம் போவதற்கு. “அதைத் தொடாதப்பா, எப்படியோ ஓடிக்கிட்டிருக்கு” என்று நாலு பேர் கைகட்டி நிற்கும் ப்ரோக்ராம் பல ஆபீஸ்களில் உண்டு. புதிதாக வந்த பையனோ பெண்ணோ அதில் ஒரு வரியை மாற்ற நேர்ந்தால் அன்றிரவு தூக்கம் போச்சு. டெஸ்ட் இருந்தால் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்து, பச்சை என்றால் கொஞ்சம் தைரியமாக வீட்டுக்குப் போகலாம்.

இப்போது ப்ரோக்ராமை ஏ.ஐ. எழுதித் தருகிறது. கேட்டால் டெஸ்டையும் அதுவே எழுதுகிறது. பரீட்சை எழுதியவரே திருத்துகிற மாதிரி. சரியான விடை எது என்றாவது நாம் சொல்ல வேண்டும். 1900 லீப் வருஷம் என்று லோட்டஸ் 1-2-3 தப்பாக நினைத்தது. அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்ஸெல்லும் அதையே ஏற்றுக்கொண்டது. இல்லாத பிப்ரவரி 29 இன்னும் அதில் இருக்கிறது. இப்போது திருத்தினால் உலகத்தின் பாதிக் கணக்கு வழக்கு ஒரு நாள் நகர்ந்துவிடும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

2100-ம் லீப் வருஷம் இல்லை. இன்று எழுதுகிற சில ப்ரோக்ராம்கள் அதுவரை ஓடினாலும் ஓடும். அப்போது விசாரிக்க நாம் இருக்கமாட்டோம். ஐந்தாவது கேள்வியாக அதையும் சேர்த்துவிடுங்கள்.