சம்பள நாள் சங்கீதம்

பிரசித்தி பெற்ற வித்வான்களைச் சந்திப்பதற்கு நம்மிடையே ஒரு முறை ஏற்பட்டிருக்கிறது. கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்புறம் சென்று, பழத்தட்டை நீட்டி, நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு, புகைப்படம் ஒன்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். ஆனால் இசைத்தட்டோ விருதோ ஒன்றும் இல்லாதவரும், அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்து முதிர்ந்தவர்களின் பேச்சில் மட்டுமே இன்னும் பெயர் நிலைத்திருப்பவருமான ஒரு கிட்டார்க்காரரைச் சந்திக்க வேண்டுமானால், மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறி, சுங்கை ஊடாங்கைக் கடந்து, மஸ்ஜிட் தானாவில் இறங்கி, தேநீர்க் கடை ஒன்றில் விசாரிப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை.

சிறு வயதில், ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில், சினிமாப் பாட்டு ஒன்றின் இரண்டு சரணங்களுக்கு இடையே அவர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து எழுப்பிய நாதத்தைக் கேட்ட நாள் முதலாக அவரிடம் எனக்கு அபிமானம். காந்தாரத்தை அவர் அந்தரத்திலும் நிறுத்தவில்லை, சாதாரணத்திலும் நிறுத்தவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் ஊசலாட விட்டுவிட்டார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் சங்கீதத்துக்கு ஜீவநாடியே அந்த நடுக் காந்தாரம்தான் என்பதும், மூன்றே சுருதிக் கூட்டுகளைப் பன்னிரண்டு தாள வட்டங்களில் அடக்கி, ஒரு வரியை இருமுறை பாடி மூன்றாவது வரியில் அதற்கு விடையளிப்பது அதன் கட்டுக்கோப்பு என்பதும், பிற்பாடு இசைத்தட்டுகளின் மூலம் நான் அறிந்துகொண்டவை. கண்ணாடிக் குழாயைத் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கும் அவர்களுடைய வழக்கத்தைக் கண்டால், நம் கோட்டுவாத்தியக்காரர் எவரும் அதை அந்நியம் என்று சொல்லமாட்டார்.

பஸ் சென்ற வழியெங்கும் செம்பனை; ரப்பரைக் காணோம். மரவள்ளித் தோட்ட முதலாளியாயிருந்த டான் சே யான், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லியின் தூண்டுதலால், 1896 இல் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டதிலிருந்துதான் மலாயாவில் ரப்பர் ஒரு வியாபாரமாயிற்று. அந்த மரங்களுக்காகக் கங்காணிகள் கப்பலேற்றி அழைத்து வந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான் வீடுகளில் குடியிருக்கிறார்கள். லயங்களோ பெரும்பாலும் மறைந்துபோயின.

அவரும் அப்படியொரு தாமான் வீட்டில்தான் இருந்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, பெயரைக்கூடக் கேட்காமல், "தம்பிக்கு எந்தத் தோட்டம்?" என்றார். நம் ஜனங்களுக்கு அதுவே குலம், கோத்திரம், விலாசம் எல்லாம். உள்ளிருந்து அவருடைய சம்சாரம், "மொதல்ல பசியாறட்டும், அப்புறம் பேசுங்க" என்று குரல் கொடுத்தார். இட்டிலியைப் பிட்டுக்கொண்டே அவருடைய கைகளைக் கவனித்தேன்: வலது உள்ளங்கையில் முப்பது வருஷம் பால் வெட்டிய கத்தி விட்ட காய்ப்பு, இடது கை விரல் நுனிகளில் தந்தி விட்ட காய்ப்பு.

புளூஸ் தமக்குக் கிடைத்த விருத்தாந்தத்தை அவர் சாவகாசமாகச் சொன்னார். 1960களில், சுங்கை ஊடாங்கை அடுத்த தெரெண்டாக் முகாமில், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புகள் அடங்கிய 28-ஆவது காமன்வெல்த் படைப்பிரிவு குடும்பங்களோடு தங்கியிருந்தது. இவர் பதினேழு வயதில் அங்கே சமையற்கட்டில் பாத்திரம் கழுவப் போனார். மாலை வேளைகளில் மாவோரிச் சிப்பாய் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பார். அவரிடம் மடீ வாட்டர்ஸின் இசைத்தட்டு ஒன்றும் இருந்தது. பாஷை தெரியாத பையன் விரல்களைப் பார்த்தே கற்றுக்கொண்டான்.

மடீ வாட்டர்ஸ் என்ற பெயர் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த மகாவித்வானும் தோட்டத் தொழிலாளிதான். மிசிசிப்பியில் ஸ்டோவல் என்னும் பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். 1941 ஆகஸ்டில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் சர்வகலாசாலையின் ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவு இயந்திரத்தோடு அவருடைய குடிசையைத் தேடிச் சென்றார்கள். தம் குரலைத் தாமே கேட்ட அந்த மனிதர், 1943 இல் தோட்டத்தை விட்டுச் சிகாகோவுக்கு ரயிலேறினார். அதன் பிறகு நடந்தது உலகம் அறிந்தது.

உற்சாகத்தில் நான், தோட்டத்து ஜனங்களின் துயரமே தங்கள் விரல்களில் அப்படி இறங்கியதோ என்று வினவினேன். பெரியவர் சிரித்துவிட்டார். "அழுவுறதுக்கு ஒப்பாரி இருக்கு தம்பி. இது சம்பள நாள் ராத்திரி வாசிக்கிறது. ஆளுங்க ஆடணும், அவ்வளவுதான்."

துயரத்தின் சங்கீதம் என்றே புளூஸைப் பற்றிப் புஸ்தகங்கள் எழுதிக் குவித்திருக்கின்றன. ஆயினும் மடீ வாட்டர்ஸின் குடிசையும் சனிக்கிழமை இரவுகளில் மீன் வறுவலும் மதுவும் ஆட்டமுமாக அமர்க்களப்பட்ட இடந்தான் என்பதை எண்ணும்போது, பண்டிதர்களைவிட இந்தப் பால்வெட்டுக்காரரின் தீர்ப்பே உண்மைக்குச் சமீபமானது என்று எனக்குப் படுகிறது. அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவர்களின் சந்ததியையும் கங்காணிச் சீட்டில் வந்தவர்களின் சந்ததியையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமும் ஆகாது.

பிறகு அவர் வாசித்தார். அரை மணி நேரம் இருக்கும். அதைப் பற்றி வர்ணித்து எழுதும் சாமர்த்தியம் எனக்கில்லை. நடுக் காந்தாரம் இருந்த இடத்திலேயே இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மலேசியத் தமிழரிடையே கிட்டாரில் பெரும்பெயர் எடுத்தவர்கள் இல்லாமலில்லை. ஒற்றைக் கிட்டாரோடு தனியராய் அமர்ந்து சபையைக் கட்டிப்போட்ட பால் பொன்னுதுரை 2012 இல் சிங்கப்பூரில் காலமானபோது பத்திரிகைகள் அஞ்சலி செலுத்தின. அவர் வாசித்தவற்றில் ஒரு பகுதியேனும் ஒலிப்பதிவாக நிலைத்திருக்கிறது. தோட்டத்து மேடைகளில் வாசித்தவர்களுக்கோ ஒரு லோமாக்ஸ் வரவில்லை. இனி வெளியிலிருந்து எவரும் வரப்போவதுமில்லை. உறுமி அடித்தவரோ, ஆர்மோனியம் வாசித்தவரோ, கிட்டார் மீட்டியவரோ உங்கள் தோட்டத்திலும் ஒருவர் இருந்திருப்பார். சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே போதும். இந்த மாதமே போய் அவர் வாசிப்பதைப் பதிவு செய்து வையுங்கள். போகிறவர்கள் வெறுங்கையோடு போகவேண்டாம். கிட்டார்க்காரராயிருந்தால் ஒரு செட் தந்தி வாங்கிச் செல்லுங்கள். முதிய விரல்களுக்கு மெல்லிய ரகமே உகந்தது.