அந்த ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்கும் நன்றி, டீச்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

இதை உங்கள் வீட்டு முகவரிக்கே அனுப்பியிருக்கலாம். நீங்கள் செய்தது மற்ற ஆசிரியர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன். உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது. அதனால் உங்கள் பெயரையும் பள்ளியின் பெயரையும் விட்டுவிட்டேன்.

2019 செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு நடந்தபோது நான் டெங்குக் காய்ச்சலோடு அரசு மருத்துவமனையில் கிடந்தேன். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் தேர்வு ஞாபகமே இல்லை. ஐந்து பாடமும் போயிற்று. அதனால் என்ன? பத்தாம் வகுப்பில் காலாண்டு என்பது பொதுத்தேர்வுக்கு ஒத்திகை, அதன் மதிப்பெண் ரேங்க் கார்டோடு முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் இருந்தோம். உடம்பு தேறி நான் பள்ளிக்கு வந்ததும், கணக்குப் பரீட்சையை எழுதியே ஆக வேண்டும் என்றீர்கள். “காலாண்டுதானே டீச்சர், விட்டுடுங்களேன்” என்று அம்மாவே கெஞ்சினார். நீங்கள் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஸ்டாஃப் ரூம் மூலை மேசையில் உட்கார வைத்தீர்கள். மற்றவர்கள் எழுதிய அதே வினாத்தாள் இல்லை. எனக்கென்று புதிதாகக் கையால் எழுதியிருந்தீர்கள். முழு 100 மதிப்பெண், முழு நேரம். 8 மதிப்பெண் வரைபடத்தை முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிட்டது. அப்படியும் அளவுத்திட்டம் எழுதவில்லை என்று ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தீர்கள்! காய்ச்சலில் கிடந்து வந்த பிள்ளையிடம் இவ்வளவு கறாரா என்று அன்று எனக்கு ஆத்திரம் வந்தது. தேதி போட்டு, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு நூல் கோத்துக் கட்டி, உங்கள் பீரோவில் வைத்தீர்கள்.

பிறகு நடந்தது நாடறிந்த கதை. 2020 மார்ச் 27-இல் தொடங்கவிருந்த பொதுத்தேர்வு ஊரடங்கில் நின்றது. ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9-ஆம் தேதி தேர்வே ரத்து, அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். 9 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் கொண்டாடிய செய்திதான். ஆனால் மதிப்பெண் எப்படி? காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம். ஒத்திகையே நாடகமாகிவிட்டது. என்னைப் போல நோயில் படுத்தவர்களை ஒரே காய்ச்சல் இரண்டு இடத்தில் வெட்டியது: எழுதாத தேர்வில் ஒரு வெட்டு, வராத நாட்களில் இன்னொன்று.

பள்ளி தயாரித்த பட்டியலில் என் பெயருக்கு நேரே காலாண்டுக் கட்டம் ஐந்திலும் ‘ஆப்சென்ட்’. கூட்டும்போது அது பூஜ்யம். விவரம் கேட்கப் போன அப்பா, முகக்கவசத்தோடு வராந்தாவில் நின்றிருந்தார். உள்ளே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “எல்லாரும் பாஸ். இதுக்குப் போய் ஏன் டீச்சர்?” என்று தலைமையாசிரியர் கேட்டாராம். “பாஸைப் பத்தி நான் பேசல சார். வராததையும் தெரியாததையும் ஒண்ணாப் போடாதீங்கன்னு சொல்றேன்” என்றீர்களாம்.

அப்போது சில இடங்களில் பிள்ளைகளை வரவழைத்துப் புதிதாக விடைத்தாள் எழுத வைக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. யார் எந்தத் தாளை நீட்டினாலும் சந்தேகம். நீங்கள் நீட்டிய தாளில் பழைய தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது, அளவுத்திட்டத்துக்காகச் சிவப்பு மையில் குறைத்த அந்த ஒரு மதிப்பெண்ணும் இருந்தது. சலுகை காட்டுகிறவர் அதைக் குறைத்திருப்பாரா? அதைப் பார்த்த பிறகுதான் தலைமையாசிரியர் இறங்கி வந்தாராம்.

கணக்கில் மட்டும்தான் திருத்தம் கிடைத்தது. மற்ற நான்கு பாடங்களில் எனக்கு யாரும் மறுதேர்வு வைத்திருக்கவில்லை; காட்டுவதற்குத் தாள் இல்லை. ஆகஸ்ட் 10-ஆம் தேதி முடிவு வந்தபோது, கணக்கை மட்டும் வேறு யாரோ எனக்காக எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது என் மதிப்பெண் பட்டியல். அந்த ஒன்றைக் காட்டித்தான் பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப் கேட்டோம். அதற்கும் நீங்களே வந்து பேசினீர்கள்.

அதே ஆகஸ்டில் இங்கிலாந்திலும் ரகளை. தேர்வு நடக்காததால் கணினிச் சூத்திரம் போட்ட மதிப்பெண்ணை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வர, 17-ஆம் தேதி அரசு பின்வாங்கி, ஆசிரியர்களின் மதிப்பீட்டை ஏற்றது. நம் 80-க்கும் 20-க்கும் நடுவே ஆசிரியரின் சொல்லுக்கு இடமே வைக்கவில்லை. நீங்களாக நுழைந்து சொன்னீர்கள்.

2022 மே மாதம் பிளஸ் டூ பொதுத்தேர்வை நேரில் எழுதினேன். பொறியியல் கட்-ஆஃப் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. ஆனால் ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காமல் போயிருந்தால் அந்தக் கட்-ஆஃப் வரிசையிலேயே நின்றிருக்க மாட்டேன்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். டெங்குவும் டைபாய்டும் காலாண்டுத் தேர்வும் ஒரே பருவத்தில்தான் வருகின்றன. நோயில் விழுந்து எழும் பிள்ளைக்கு மறுதேர்வு வையுங்கள். கறாராகவே திருத்துங்கள். தேதி போட்டு, அந்தக் கல்வியாண்டு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். அரசு தேர்வுத் துறைக்கும் ஒன்று: மருத்துவச் சான்றிதழ் கொடுத்தவரின் வெற்றுக் கட்டத்தில் பூஜ்யம் போடக் கூடாது என்று ஒரு வரி விதியாக எழுதி வையுங்கள்.

உங்கள் 2019–20 பத்தாம் வகுப்பு மாணவி