வெளியிட்ட எண்ணைத் தொடாதீர்கள்

கன்டெய்னர் இமேஜ்களைக் கட்டி வெளியிடுவது என் அன்றாட வேலை. அதில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் ஒன்று உண்டு.

அன்று 2.3.1 என்று டேக் போட்டு ஓர் இமேஜை ரெஜிஸ்ட்ரியில் ஏற்றியிருந்தோம். அரை மணி நேரத்தில், பில்லுக்கு வரி கணக்கிடும் இடத்தில் ஒரு பிழை கண்ணில் பட்டது. கோடில் ஒரே ஒரு வரியை மாற்றும் திருத்தம்தான். இதற்குப் போய்ப் புது எண் எதற்கு என்று, திருத்தியதையும் அதே 2.3.1 பெயரிலேயே புஷ் செய்தேன். மறுநாள் புகார்கள் வந்தன. சில பில்களில் வரி சரி, சிலவற்றில் தப்பு. மூன்று சர்வர்களைப் பார்த்தோம், மூன்றிலும் 2.3.1. பாதி நாள் கோடைத் தோண்டிய பிறகு, மூன்றிலும் ஓடும் இமேஜின் டைஜஸ்டை எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். இரண்டு ஒன்றுபோல் இருந்தன, மூன்றாவது வேறு.

காரணம் எளிது. லேட்டஸ்ட் அல்லாத டேக் என்றால், சர்வரில் ஏற்கெனவே இருக்கும் இமேஜை, எங்கள் கன்டெய்னர்களை ஓட்டும் குபெர்னெட்டிஸ் வழக்கமாக மறுபடி இறக்காது. பழைய இரண்டு சர்வர்கள் பழைய இமேஜையே ஓட்டின. புதிதாகச் சேர்ந்த மூன்றாவது மட்டும் திருத்தியதை இறக்கியிருந்தது.

டேக் என்பது மேலே ஒட்டிய சீட்டு. எந்த டப்பாவுக்கும் மாற்றி ஒட்டலாம். டைஜஸ்ட் அப்படியல்ல. உள்ளே இருப்பதை வைத்தே கணக்கிடப்படும் 64 எழுத்துக் குறி அது. ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும்.

லேட்டஸ்ட் என்ற டேக்கை நம்பி ஏமாறுகிறவர்களும் நிறைய. அது புதியது என்பதற்கான உத்தரவாதம் அல்ல. டேக் எதுவும் சொல்லாவிட்டால் டாக்கர் எடுத்துக்கொள்ளும் பெயர், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸ் 12 எழுதிய டேட்டாவின் மேல் லேட்டஸ்ட் வழியாக 13 வந்து இறங்கினால், டேட்டாபேஸ் கிளம்பவே மறுத்துவிடும்.

இப்போது எங்கள் குழுவில் வழக்கம் இது: 2, 2.3 என்ற டேக்குகள் நகரலாம். நகரும் என்று எல்லோருக்கும் சொல்லியே வைத்திருக்கிறோம். 2.3.1 என்று முழு எண் போட்டது நகரவே கூடாது. எங்கள் கோட் மாறாமல், அடியில் இருக்கும் டெபியனுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்து மறுபடி கட்டினாலும் 2.3.2 தான். புரொடக்ஷனில் டைஜஸ்டையும் சேர்த்தே எழுதுகிறோம். அப்படி எழுதியதை வருடக்கணக்கில் தூங்க விடுவதும் ஆபத்து. பழைய ஓட்டைகள் உள்ளேயே கிடக்கும். அதனால் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிச் சோதித்து, அடுத்த எண்ணில் வெளியிடுகிறோம்.

ஸ்டேபிள் என்று ஒன்றை வெளியிடும்போது, அதில் பிழையே இராது என்று யாரும் வாக்குத் தர முடியாது. இன்று இறக்கியதும் அடுத்த வருடம் இறக்குவதும் ஒன்றே என்று தரலாம். நள்ளிரவில் ஏதோ உடைந்து, முந்தைய எண்ணுக்குத் திரும்புகிறவர் நம்பியிருப்பது அந்த வாக்கை மட்டுமே.

ஹார்பர், அமேசான் ஈசிஆர் போன்ற ரெஜிஸ்ட்ரிகளில் டேக்கைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. உங்கள் ரெஜிஸ்ட்ரியிலும் இருந்தால், இன்றே அதைப் போட்டுவிடுங்கள். எண்களுக்குப் பஞ்சமில்லை.