மான்செஸ்டருக்கு மரக்காணத்திலிருந்து

அன்புள்ள ஆண்டி வோட்டல் அவர்களுக்கும் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் இசை நிறுவன நண்பர்களுக்கும்,

2011-இல் நீங்கள் வெளியிட்ட ‘சொல்ல சொல்ல’ என்ற இளையராஜா பாடல் தொகுப்புக்கு இத்தனை காலம் கழித்து நன்றி எழுதுகிறேன். நான் இளையராஜா ரசிகன். ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது, சாலையோரம் உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று தெரிய ஆரம்பித்தால் எங்கள் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் நன்றி தலைப்புக்கு. பாட்டெல்லாம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. நீங்கள் அதற்கு ‘மேஸ்ட்ரோ இளையராஜாவும் கோலிவுட்டின் எலக்ட்ரானிக் பாப் ஒலியும், 1977–1983’ என்ற பொருளில் பெயர் வைத்தீர்கள். அந்தப் பெயரில் எந்த நடிகரும் இல்லை. எங்கள் கைக்கு வந்த இசைத்தட்டுகளின் அட்டை முழுக்கக் கதாநாயகன் முகம்தான். பாடியவர், எழுதியவர் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். வாசித்தவர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. லெட் செப்பலினில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜான் பால் ஜோன்ஸ் என்று உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் ராக் ரசிகனும் சொல்வான். இளையராஜா குழுவில் சதானந்தத்தின் கிட்டார், சசிதரனின் பேஸ், புருஷோத்தமனின் டிரம்ஸ், விஜி மேனுவலின் கீபோர்டு என்று நாங்கள் சொல்லப் பழகியது பிற்பாடு வந்த பேட்டிகளையும் வாய்ப்பேச்சையும் வைத்துத்தான்.

அப்புறம் அந்த ஆண்டுக் கணக்கு. நாங்கள் பாட்டைப் படம் படமாக, நாயகன் நாயகனாகப் பிரித்து வைப்போம்; மிஞ்சினால் காதல் பாட்டு, சோகப் பாட்டு. ‘அன்னக்கிளி’ வந்தது 1976. அடுத்த ஏழெட்டு வருடத்துக்குள் அதே மனிதரின் ஒலி எங்கே போய் நின்றது என்று வருடத்தை வைத்துக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. உங்கள் நிறுவனத்தின் முதல் வெளியீடு ஜான் குளோட் வானியே 1972-இல் செய்த பிரெஞ்சு ஆல்பம். துருக்கிப் பாடகி செல்டாவையும் நீங்கள்தான் மறுபடி கொண்டுவந்தீர்கள். அவர்கள் இருக்கும் அலமாரியில் எங்கள் ஆளையும் வைத்தீர்கள். வெளிநாட்டில் சிலர் எங்கள் சினிமாப் பாட்டைச் சிரிக்க ஒரு சாக்காக வாங்கிப் போவதையும் பார்த்திருக்கிறேன். ராகவேந்திர சுவாமிகளின் வாழ்க்கையைச் சொன்ன 1985-ஆம் ஆண்டுப் படத்தின் பாட்டொன்று, 2003-இல் பிளாக் ஐட் பீஸ் குழுவின் ‘எலிஃபங்க் தீம்’ ஆனபோது நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்தத் தாளக்கட்டு யாருடையது என்று கேட்டுத் தேடிப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இரண்டாவது நன்றி உங்களுக்குச் சொல்வதல்ல. உங்கள் வழியாக மைக் செட்டுக்காரர்களுக்குச் சொல்வது. எங்கள் பக்கம் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்தவர்கள் அபூர்வம். காசு கொடுத்துத் தட்டு வாங்கியவர்கள் மைக் செட்டுக்காரர்கள். காதுகுத்து, கல்யாணம், ஆடி மாதக் கூழ் ஊற்றல் எதுவானாலும் விடியும் முன்பே பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. பிறகு ராத்திரி வரைக்கும் ஊர் கேட்கிற பாட்டு. அளத்தில் உப்பு வாருகிறவர்களுக்கும் அதுதான் ரேடியோ. வெட்டவெளி, மறிக்க ஒரு சுவர் கிடையாது, கழுவேலி ஏரி வரைக்கும் கேட்கும். அட்டையிலும் தட்டின் நடுவிலும் அவர்கள் தங்கள் சவுண்ட் சர்வீஸ் பெயரை ரப்பர் ஸ்டாம்பால் குத்தி வைப்பார்கள்.

அப்படி ஒரு தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஹிட்டான பாட்டு இருக்கும் இடம் முள் ஓடி ஓடி வெளுத்திருக்கும். அடுத்த பாட்டு கன்னங்கரேலென்று புதுசாக இருக்கும். அபூர்வம் என்று நீங்கள் தேடி எடுத்த ஒலிகளில் பாதி, யாரும் சீட்டு எழுதிக் கேட்காததால் தப்பித்த பாட்டுகளாக இருக்கும் என்பது என் ஊகம். கவனிக்காமல் விட்டதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கேசட் காலம் வந்ததும் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்து அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கினோம். கடற்கரைக் காற்றுக்குக் கேசட் ஆகாது. உள்ளே பஞ்சைத் தாங்கும் குட்டித் தகடு பச்சை பூத்துப் போகும். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மிச்சத்தைப் புயல் பார்த்துக்கொண்டது. 2020-இல் நிவர், 2024-இல் ஃபெஞ்சல், இரண்டும் எங்கள் கரையைத்தான் பிடித்தன. நீங்களோ ஓயாமல் மழை பெய்கிற ஊர்க்காரர்கள். அங்கே எப்படிப் பூஞ்சை பிடிக்காமல் தட்டுகளைக் காப்பாற்றுகிறீர்கள்?

இன்னொரு விஷயமும் உண்டு. பழைய பாட்டைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் புது டிரம்ஸை ஏற்றி, இல்லாத எதிரொலியைச் சேர்த்து, சத்தத்தை ஒரே மட்டத்துக்குத் தூக்கி வைத்த பதிப்புகளை இங்கே நிறையக் கேட்டாயிற்று. இரைச்சல் போகட்டும் என்று தேய்த்ததில் வயலினின் மேல்பகுதியும் சேர்ந்து போய்விடும். தட்டு கொஞ்சம் பொரியட்டுமே! எங்களுக்கு வேறு வழியும் இல்லை. பீட்டில்ஸின் ‘வெள்ளை ஆல்பம்’ 2018-இல் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பாக வந்தபோது, வீட்டில் பாடிப் பார்த்த பதிவுகளையும் கழித்துப்போட்ட டேக்குகளையும் பெட்டி பெட்டியாகக் கொடுத்தார்கள். எங்கள் பாட்டுகளில் பெரும்பாலானவை, எல்லா வாத்தியக்காரரும் பாடகரும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் முடித்தவை. யாராவது தப்பினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் அந்தத் தட்டில் இருப்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பிரதி. அதன் மேல் யார் கை வைக்கிறார்கள் என்று பயந்து பயந்து பார்க்கிற சாதி நாங்கள்.

எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். அளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், யாருக்கும் வேலை இருக்காது, உட்கார்ந்து கேட்கலாம். எங்கள் தெருவில் பழைய மைக் செட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். இரண்டு தகரப் பெட்டி நிறையத் தட்டு வைத்திருக்கிறார். அட்டைகள் போய்விட்டன, தட்டுகள் ஓடும். கேட்கக் கொடுப்பார், விற்க மாட்டார். எவ்வளவு விலை சொன்னாலும் மாட்டார், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ஒரு ரசிகன்
மரக்காணம்